சிறுமீன் இன்பம்: வால்ட்டனாரின் தூண்டில் நூல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

வாரத்தில் ஆறு நாளும் நிறுவைத் தட்டை நோக்கியிருப்பது நம் தொழில். தோட்டத்துக் கிராணி என்போன் எப்பொருளையும் எடையால் அறிபவன். செம்பனைக் குலை இத்தனை டன், உரம் இத்தனை மூட்டை, ஆள் இத்தனை பேர் என்று ஏட்டில் ஏறாத எதுவும் அவனுக்குப் பொருளே அன்று. ஆதலால், எடையில்லாத ஓர் இன்பத்தைப் பற்றி நாம் எழுதப் புகுவது கண்டு நம்முடன் பணிபுரியும் அன்பர்கள் நகைப்பர் என்பதை அறிவோம். நகைக்கட்டும். நகைப்பினும் ஒருமுறை படித்துவிட்டு நகைக்குமாறு வேண்டுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்துக் காப்பிக்கடையில் அமர்ந்திருந்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஓடையிலிருந்து வந்தான். ஒரு கையில் மூங்கிற் கழி. மற்றொரு கையில் புல்லின் தண்டிலே கோத்த ஆறு மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளமே இருக்கும். கடையிலிருந்த பெரியவர் ஒருவர் அவனை நிறுத்தி, "ஏண்டா தம்பி, இதுக்கா ஒரு நாளப் பாழாக்கின? கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது!" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர். சிறுவன் விடை கூறவில்லை. மீன்களை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்காக விடை கூற நமக்கும் அப்போது வாய் எழவில்லை. வீடு திரும்பியபின், பள்ளிப் பருவத்தில் பெற்ற பழைய நூல் ஒன்றைத் தேடி எடுத்தோம். அதனுள் அப்பெரியவர்க்குரிய விடை இருந்தது. அவ்விடையே இக்கட்டுரை.

அந்நூல், ஆங்கிலேயராகிய ஐசக் வால்ட்டன் 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்பது. 'நிறைவு பெற்ற தூண்டிற்காரன்' எனத் தமிழில் அதனைக் கூறலாம். நாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியில், அது சீமான்களின் பொழுதுபோக்கைப் பற்றிய நூல் என்று சொல்லியே அதன் இரண்டு பக்கங்களை நமக்குக் கற்பித்தனர். அவ்விரண்டு பக்கங்களிலும் பெரிய மீனே இருந்தது. நூல் முழுவதையும் பின்னாளில் நாமே படித்தபொழுதுதான், அது சீமான் எழுதியதும் அன்று, பெரிய மீனைப் பற்றியது மட்டும் அன்று என்பது புலனாயிற்று.

ஈத் தூண்டில் யாது?

முதற்கண், ஈத் தூண்டில் என்னும் முறையை அறியாதார்க்கு அதனைச் சிறிது விளக்குதல் கடன். நம் சிறுவர்கள் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, நீருள் இறக்கிவிட்டுக் காத்திருப்பர். ஈத் தூண்டில் இதற்கு மாறானது. இங்கிலாந்தின் ஆறுகளில் இளவேனில் முடியும் காலத்தில் பலவகைப் பூச்சிகள் நீரினின்றும் எழுகின்றன. அவற்றுள் பெயர்பெற்றது 'மே ஈ' என்பது. அதன் இளம்பருவம் ஆற்றுச் சேற்றினுள் ஓரிரண்டு ஆண்டுகள் கழிகிறது. பின் ஒரு நாள் மேலே வந்து, தோலுரித்து, சிறகு விரிக்கிறது. சிறகு பெற்றபின் அதற்கு உண்ணும் வாய் இல்லை. ஓரிரு நாளில் இணைந்து, முட்டையிட்டு, நீரின்மேல் வீழ்ந்து மடிகிறது. எழுவதையும் வீழ்வதையும் உண்ண மீன்கள் மேலே வருகின்றன. இதனைக் கண்ட மனிதன், சிறு முள்ளின்மேல் பட்டு நூலையும் விலங்கின் மயிரையும் பறவையின் இறகையும் சுற்றி, அப்பூச்சியை ஒத்த பொய் ஈ ஒன்றைச் செய்தான்.

இப்பொய் ஈக்கு எடை இல்லை. கல்லை எறிவதுபோல் அதனை எறிதல் இயலாது. ஆகவே கயிற்றையே வீசுகின்றனர். ஈ அதன் பின்னே செல்கிறது. கழியைப் பின்புறம் வீசி, கயிறு முழுதும் நீளும்வரை ஒரு நொடி பொறுத்து, பிறகு முன்புறம் வீசினால், ஈ மெல்ல நீர்மேல் இறங்கும். பொறுக்காமல் வீசியவன் கயிற்றைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்வான். அந்த ஒரு நொடிப் பொறுமையே இக்கலையின் உயிர் எனலாம்.

வால்ட்டனார் காலத்துக் கயிறு குதிரை வாலின் மயிரால் திரித்தது. அது பெரும்பாலும் கழியின் நுனியிலேயே கட்டப்பட்டது. ஜப்பானிய மலையோடைகளில் 'தென்காரா' என வழங்கும் முறை இன்றும் அவ்வாறே உள்ளது. கழி, கயிறு, பொய் ஈ என்னும் மூன்று பொருள்களே அதற்கு வேண்டுவன. எனவே இவ்வின்பம் தன் இயல்பில் செலவு மிக்கது அன்று. செலவு மிக்கதாக அதனை ஆக்கியது யார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மறைத்த நூலும் மலிந்த நூலும்

தூண்டிலைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் 1496ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்பார் அதனை அச்சிட்டார். ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவியம்மையார் எழுதியதாக வழிவழிக் கூறுவர்; அதற்கு உறுதியான சான்று இல்லை. பன்னிரண்டு பொய் ஈக்களைச் செய்யும் வகை அந்நூலில் உண்டு. மீன் அகப்படாவிடினும், காலைக் காற்றும் மலர்மணமும் பறவையொலியும் தூண்டிற்காரனுக்கு ஊதியமே என்று அந்நூல் கூறுகிறது. ஏழையின் குளத்தில் அவன் இசைவின்றி மீன் பிடிக்கலாகாது என்றும், பேராசையால் மிகுதியாகப் பிடிக்கலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. இவையெல்லாம் நன்மொழிகளே.

ஆயினும் அதன் முடிவில் ஒரு செய்தி உண்டு. இத்தூண்டிற் பகுதியைத் தனிச் சிறு நூலாக அச்சிட்டால் கண்ட கண்ட சோம்பர் கைக்கெல்லாம் போய்விடும். அவ்வாறு போகாமைப் பொருட்டே, உயர்குடியினர்க்குரிய பெரிய தொகுதியினுள் இதனைச் சேர்த்தோம் என்னும் கருத்தை ஆசிரியர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். வாசகர்கள் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். காற்றையும் மலரையும் பறவையையும் புகழ்ந்த அதே கை, அவற்றை நுகரும் வழியைப் பலர் அறியாதவாறு பெருநூலுக்குள் பூட்டி வைத்தது! ஏழையின் குளத்தைக் காத்தவர், ஏழையின் கையில் நூல் சேர்வதை விரும்பவில்லை.

நூற்றைம்பத்தேழு ஆண்டுகள் கழித்து அப்பூட்டைத் திறந்தவர் வால்ட்டனார். அவர் சீமான் அல்லர். 1593இல் ஸ்டாபோர்டு என்னும் ஊரிற் பிறந்து, இலண்டனுக்கு வந்து, துணி வாணிகம் செய்து பிழைத்தவர். அவர் நூல் சட்டைப்பையில் அடங்கும் சிறு நூல். அதன் விலை 18 பென்ஸ். மேற்கூறிய பழம்பெருந் தொகுதிக்கும் இச்சிறு நூலுக்கும் உள்ள வேற்றுமை அளவில் மட்டும் உள்ளது அன்று. யார் படிக்க எழுதப்பட்டது என்பதில் உள்ளது. ஆசிரியர் வாழ்நாளிலேயே 1655, 1661, 1668, 1676 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் அது பதிப்பிக்கப்பெற்றது என்றால், அது சென்று சேரவேண்டியவர்களைச் சேர்ந்தது என்றே கொள்ளவேண்டும்.

இந்நூலைச் சோம்பேறியின் நூல் என்று இகழ்வார் உளர். அன்னோர் ஆசிரியரின் வாழ்க்கையை அறியார். அவர் தம் முதல் மனைவியையும், அவ்வம்மையார் வயிற்றிற் பிறந்த மக்கள் எழுவரையும் இழந்தவர். 1642இல் தொடங்கிய உள்நாட்டுப் போரையும், 1649இல் மன்னன் தலை வெட்டுண்டதையும் கண்டவர். அதிலும் தோற்ற பக்கத்தைச் சார்ந்திருந்தவர். அவ்வளவும் கண்டபின், அறுபதாம் வயதில் அவர் எழுதியது பழிவாங்கும் நூல் அன்று. இலண்டனுக்கு வடக்கே லீ ஆற்றங்கரையில், மே மாதத்துச் சில நாட்களில், தூண்டிற்காரன் ஒருவனும் வழிப்போக்கன் ஒருவனும் நடந்துகொண்டே பேசும் உரையாடல். அமைதியை இழந்தவனே அமைதியின் விலையை அறிவான் என்பதற்கு இந்நூலினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிளீக் என்னும் சிறுமீன்

இனி நம் பொருளுக்கு வருவோம். திறனாய்வாளர் பலர் இந்நூலைப் போற்றும்போது, டிரவுட் என்னும் உயர்ந்த மீனைப் பற்றிய அதிகாரங்களையே எடுத்துக் காட்டுவர். நம் கருத்து வேறு. நூலின் உள்ளம் விளங்குவது, யாரும் மதியாத ஒரு சிறு மீனைப் பற்றி அவர் போகிறபோக்கில் எழுதிய சில வரிகளில் என்பதே நம் துணிபு.

அம்மீனின் பெயர் பிளீக். முழு வளர்ச்சியடைந்தாலும் ஒரு சாண் நீளமே காண்பது அரிது. வெள்ளியை வார்த்தாற்போன்ற விலாப்புறம். நீரின் மேற்பரப்பில் கூட்டங் கூட்டமாக ஓயாது ஓடும் இயல்பு. இதனால் அதனை ஆற்றுத் தகைவிலான் குருவி எனச் சிலர் அழைப்பதாக வால்ட்டனார் கூறுகிறார். அதன் செதிலில் உள்ள வெள்ளிப் பொடியைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரத்தார் எடுத்து, கண்ணாடி மணிகளுக்குப் பூசிப் போலி முத்துக்கள் செய்தனர். சீமாட்டிகளின் கழுத்தில் ஒளிர்ந்த முத்து வடத்திற்குப் பல்லாயிரம் பிளீக் மீன்கள் தம் சட்டையைக் கழற்றித் தந்தன. ஆயினும் அம்மீனைத் தம் பந்திக்கு உரியதாக அவர்கள் எண்ணினார்களில்லை.

அத்தகைய மீனைக் கோடைக்கால மாலையில், விரைந்தோடும் நீரில், மிகச் சிறிய பழுப்பு நிறப் பொய் ஈயைக் கொண்டு பிடிப்பதினும் மேலான விளையாட்டு இல்லை என்று வால்ட்டனார் எழுதுகிறார். அதற்கு வேண்டுவன யாவை? ஐந்தாறு அடி நீளமுள்ள ஹேசல் மரக் கொம்பு ஒன்று. அதனினும் இருமடங்கு நீளமுள்ள கயிறு ஒன்று. அவ்வளவே. வேலியோரத்தில் ஒடிக்கும் கொம்பு! பெரிய மீனுக்குப் பதினைந்து அடிக் கழியும், நெடுந்தொலைவுப் பயணமும், ஆற்றுக்கு உரியவரின் இசைவும் வேண்டியிருக்க, இதற்குக் கொம்பும் மாலைப்பொழுதும் போதும் என்கிறார். 'மேலான விளையாட்டு' என்னும் மதிப்பை மீன்களுள் அரசனுக்குச் சூட்டாமல் இவ்வேழைக்குச் சூட்டியதில்தான் துணி வாணிகரின் உள்ளம் வெளிப்படுகிறது.

இவ்வின்பம் எத்தகையது? அந்தி மங்கும் நேரம். நீரின்மேல் சிறு சிறு வட்டங்கள் தோன்றி மறைகின்றன. ஒவ்வொரு வட்டமும் ஒரு மீன் வாய் திறந்து மூடியதன் அடையாளம். ஈ அவ்விடத்தில் இறங்குகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் மீன் அதனைக் கவ்வி, பொய்யென அறிந்து, உமிழ்ந்துவிடுகிறது. கண்ட மறுகணமே மணிக்கட்டு அசையவேண்டும். எண்ணிப் பார்த்து அசைத்தவனுக்கு ஒன்றும் இல்லை. பத்து முறையில் ஒன்பது முறை ஏமாற்றமே. ஆயினும் அவ்வேமாற்றம் நோவதில்லை. ஏனெனில் அடுத்த வட்டம் அதற்குள் தோன்றிவிடுகிறது. பெரிய மீனைக் கருதிச் செல்பவன் நாள் முழுதும் ஒரு கடிக்காகக் காத்திருந்து, அதனையும் இழந்து, வாடிய முகத்தோடு திரும்புவான். சிறுமீனைக் கருதிச் செல்பவனுக்கோ இழப்பும் சிறிது, பேறும் சிறிது, மகிழ்ச்சி மட்டும் அடிக்கடி. அரை மணி நேர ஓய்வே உடைய உழைப்பாளிக்கு ஏற்றது இவ்விரண்டில் எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

"கறிக்கும் ஆகாது" என்ற பெரியவர்க்கும் வால்ட்டனார் விடை வைத்திருக்கிறார். விரலினும் சிறிய மின்னோ என்னும் மீனைப் பற்றி அவர் தனியே எழுதுகிறார். இளஞ்சிறாரும் பெண்டிரும் பிடித்து மகிழ ஏற்றது அது என்கிறார். அம்மீன்களை உப்பு நீரிற் கழுவி, தலையும் வாலும் நீக்கி, குடல் களைந்து, முட்டையின் மஞ்சட்கருவும் சில காட்டு மலர்களும் சேர்த்துப் பொரித்தால் சுவைமிக்க பண்டமாகும் என்று செய்முறையும் தருகிறார். சமையலறைவரை சிறுமீனுக்கு மரியாதை தந்த ஆசிரியர் இவர்.

நூலின் குறைகள்

குறையைக் கூறாது புகழ் மட்டும் பாடுவது திறனாய்வு ஆகாது. இந்நூலின் குறைகள் நான்கு.

முதலாவது, கடன். வால்ட்டனாரின் ஈக்கள் அவர் கண்டவை அல்ல. பன்னிரண்டு ஈக்களின் பட்டியல், மேற்கூறிய 1496ஆம் ஆண்டு நூலிலிருந்து பிறர் வழியாக வந்தது. ஈத் தூண்டிலைப் பற்றிய பிற செய்திகளைத் தாமஸ் பார்க்கர் என்பாரிடமிருந்து பெற்றார். அதனை ஒப்புக்கொண்டும் இருக்கிறார். ஆயின் வேறொரு கடன் 1954இல்தான் வெளிப்பட்டது. 1577இல் அச்சான ஒரு தூண்டில் நூலின் ஒரே படி அவ்வாண்டில் கண்டெடுக்கப்பட்டது. அதிலும் தூண்டிற்காரனும் வழிப்போக்கனும் உரையாடுகின்றனர். வால்ட்டனாரின் முதற்பதிப்பிலும் அவ்விருவரே உரையாடுகின்றனர். அந்நூலை அவர் எங்கும் பெயர் சுட்டவில்லை. இது மறைக்கத்தக்க குறை அன்று. ஆனால் கடன் வாங்கிய சட்டகத்தில் உயிர் பெய்தவர் அவரே என்பதையும் மறுக்கலாகாது.

இரண்டாவது, ஆராயாது நம்புதல். பைக் என்னும் கொடிய மீன் சில நீர்ப்பூண்டுகளிலிருந்து பிறக்கிறது என்றும், விலாங்கு பனித்துளியிலிருந்து தோன்றும் என்றும் பழையோர் சொன்னவற்றை அவர் எடுத்து எழுதுகிறார். ஆற்றங்கரையிலேயே வாழ்நாளைக் கழித்தவர், கண்ணால் கண்டதைவிட ஏட்டிற் கண்டதை மதித்தார் என்பது வருந்தத்தக்கது. பெரியோர் எழுதினார் என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

மூன்றாவது, கொடுமை. உயிருள்ள தவளையை முள்ளிற் கோக்கும் வகையை விரித்துச் சொல்லிவிட்டு, அதனை அன்போடு கையாளவேண்டும் என்றும் அவர் கூறுகிறார். இதனைக் கண்டே கவிஞர் பைரன், 1823இல் வெளியிட்ட தம் 'டான் ஜுவான்' காவியப் பகுதியில், இக்கிழவனாரின் தொண்டையில் ஒரு முள்ளையும் அதனை இழுக்க ஒரு சிறிய மீனையும் வைக்கவேண்டும் என்னும் பொருள்பட இகழ்ந்தார். பைரன் கூற்றில் பாதி உண்மை என்றே நாம் கருதுகிறோம். டிரவுட் மீனுக்கு வலியை உணரும் நரம்புகள் உண்டு என்பதை 2003இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆகவே தூண்டில் இன்பம் முற்றும் குற்றமற்றது என்று நாம் வாதிட முன்வரவில்லை. உண்பதற்குமேல் பிடியாமை, பிடித்ததை விரைந்து கொல்லுதல், உயிருள்ள இரையை விடுத்துப் பொய் ஈயைக் கொள்ளுதல் ஆகிய மூன்றும் குற்றத்தைக் குறைக்கும், போக்கிவிடா. இதனை ஒப்புக்கொண்டு பேசுவதே நேர்மை.

நான்காவது, மௌனம். நூலில் வரும் ஆறுகள் யாருக்கு உரியவை என்னும் வினாவை வால்ட்டனார் எழுப்பவே இல்லை. பால்காரப் பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் தூண்டிற்காரன் ஒரு மீனைக் கொடுத்து, கைம்மாறாகப் பாட்டு ஒன்று கேட்கிறான். அக்காட்சி இனியதே. ஆனால் அப்பெண்ணுக்குத் தூண்டில் பிடிக்க ஒரு மாலைப்பொழுது ஓய்வு உண்டா, அவள் ஊர் ஆற்றில் இறங்க அவளுக்கு உரிமை உண்டா என்று ஆசிரியர் கேட்டிருந்தால் நூலின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும்.

பின் வந்தோர்

வால்ட்டனார் கேளாது விட்ட வினாவுக்குப் பின் வந்தோர் விடை தந்தனர், அவ்விடை கசப்பானது.

முதலில் வந்தவர் வால்ட்டனாருக்கு மகன் போன்ற நண்பர் சார்லஸ் காட்டனார். இவர் நிலக்கிழார். டவ் ஆற்றங்கரையில் 1674இல் ஒரு மீன்பிடி மனை கட்டி, அதன் வாயிலின்மேல் தம் பெயரெழுத்தையும் வால்ட்டனார் பெயரெழுத்தையும் பின்னிப் பொறித்தார். 1676ஆம் ஆண்டுப் பதிப்பில் ஈத் தூண்டிலைப் பற்றி இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தவர் இவரே. ஈக்களைப் பற்றிய அறிவில் வால்ட்டனாரினும் இவர் பன்மடங்கு மேம்பட்டவர். ஆயினும் இவர் பாகத்தில் ஒரு சிறு மீன் அகப்படும்போது, சினத்துக்கு உரிய அளவு அது வளரட்டும் என்று நகைத்து அதனைத் திரும்ப எறியச் சொல்கின்றனர். இருபது அங்குல மீனை இரண்டே குதிரை மயிரால் பிடிக்க இயலாதவன் தூண்டிற்காரன் என்னும் பெயர்க்கு உரியன் அல்லன் என்கிறார். வால்ட்டனார் மகிழ்ந்த இடத்தில் காட்டனார் அளக்கிறார். நூலின் இரண்டு பாகங்களுக்கும் நடுவே ஓடும் கோடு இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோடு வேலியாயிற்று. பிரெடரிக் ஹால்போர்டு என்பார் 1886இல் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். பூச்சிகளை நுணுகி நோக்கி, அவற்றை ஒத்த ஈக்களைச் செய்து காட்டிய அவர் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அவரைப் பின்பற்றியோர், மேலெழும் மீனைக் கண்டு, ஆற்றின் எதிர்முகமாக, மிதக்கும் ஈயாலன்றிப் பிடிப்பது பண்பன்று என்று அதனை ஒரு சமயக் கோட்பாடுபோல் ஆக்கிவிட்டனர். ஸ்க்யூஸ் என்னும் வழக்கறிஞர் 1910இல் எழுதிய நூலில், மீன் தன் உணவிற் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே உண்கிறது என்று எடுத்துக் காட்டி, மூழ்கும் ஈயும் முறையானதே என்றார். பிடித்த மீனின் வயிற்றிலுள்ளதை ஆராய்ந்து கண்ட உண்மை அது. அதற்காக 1938இல் இலண்டன் சங்கமொன்றில் பெரியோர் கூடி வழக்காடினர்! இவ்வழக்கு நடந்ததெல்லாம் செல்வர்க்கு உரிமையான சில ஆறுகளின் கரையைப் பற்றியே. 1496இல் நூலைப் பூட்டினர். பின்னர் ஆற்றையே பூட்டினர் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஸ்காட்லாந்தைப் பற்றியும் ஒரு சொல். டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் எழுதிய நூல், சிற்றோடைகளில் சிறு டிரவுட் மீன்களைப் பிடிக்கும் வகையைத் தெளிவாகச் சொல்கிறது. மிக எளிய இறகும் நூலும் கொண்ட ஈ ஒன்றை ஜேம்ஸ் பெய்லி என்னும் தொழில்முறைத் தூண்டிற்காரரிடம் கற்றதாக அவர் நன்றியோடு ஒப்புக்கொள்கிறார். உழைப்பாளியிடம் கற்றேன் என்று கற்றவர் ஒருவர் எழுதுவது இலக்கியத்தில் எளிதிற் காணும் காட்சி அன்று. எனினும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பவுண்டு மீன் பிடிப்பதே திறமைக்கு அளவு என்று அவரும் நிறுவைத் தட்டைத் தூக்கிவிடுகிறார். கிராணியாகிய நமக்கு அத்தட்டைக் கண்டாலே களைப்பு வருகிறது!

பெருமீனும் சிறுமீனும் இலக்கியத்தில்

இங்கே இலக்கியம் பற்றிய ஒரு கருத்தைக் கூறி முடிப்போம். பெருமீனைப் பற்றிய நூல்கள் பல உள. மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' கதையில் வருவது மீனன்று, திமிங்கிலமே. ஆயினும் அதுவும் அவ்வினத்து நூலே. ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' மற்றொன்று. இவற்றில் மனிதனுக்கு எதிரே பகைவன் ஒருவன் இருக்கிறான். போர் இருக்கிறது, வெற்றியோ தோல்வியோ இருக்கிறது. கதை தானே நடக்கும். வாசகனும் மூச்சடக்கிப் பின்தொடர்வான்.

சிறுமீனைப் பற்றி எழுதுபவனுக்கு இத்துணைகள் ஒன்றும் இல்லை. பகைவன் இல்லை, போர் இல்லை, பெருமை பேச இடமும் இல்லை. அவன் நீரையே பார்க்கவேண்டும். காற்று மாறுவதையும், நிழல் நீள்வதையும், வட்டம் தோன்றுவதையும் பார்க்கவேண்டும். பார்த்ததைப் பொய்யின்றி எழுதவேண்டும். நம் குறுந்தொகைப் பாட்டு நான்கடி முதல் எட்டடிக்குள் நின்று ஒரு பொழுதை முழுதும் காட்டுவது போன்ற வேலை அது. பெருமீன் நூல் வீரத்தைக் கற்பிக்கிறது. சிறுமீன் நூல் பார்வையைக் கற்பிக்கிறது. வீரம் எப்போதோ ஒருநாள் வேண்டும். பார்வை நாள்தோறும் வேண்டும். 1653ஆம் ஆண்டின் அரசியற் பெருநூல்கள் பலவற்றை இன்று தேடுவாரில்லை. பதினெட்டுப் பென்ஸ் விலையுள்ள இச்சிறு நூல் இன்றும் அச்சில் இருப்பதற்குக் காரணம் இதுவே என்பது நம் முடிபு.

வால்ட்டனார் நடந்த லீ ஆறு இன்று அவர் கண்ட ஆறு அன்று. அதன் கீழ்ப்பகுதியில் ஆலைகள் எழுந்தன. பின் 2012இல் ஒலிம்பிக் விளையாட்டரங்குகள் எழுந்தன. ஆயினும் அவர் எழுதிய மாலைப்பொழுது நூலுக்குள் அப்படியே இருக்கிறது.

நம்மிடையே இத்தகைய நூல் ஏன் எழவில்லை? தோட்டத்து வாழ்வை எழுதும் நம் எழுத்தாளர்கள் துயரத்தை எழுதியுள்ளனர். எழுதவேண்டியதே, அது உண்மை. ஆனால் அத்துயரத்தின் நடுவே, ஓடையோரத்தில் மூங்கிற் கழியோடு நின்ற நம் மக்கள் பெற்ற மகிழ்ச்சியும் உண்மையே. அதனை எழுதாவிடில், நம் பாட்டன் பாட்டியர் உழைக்கவும் அழவும் மட்டுமே அறிந்தவர் என்று பின்வருவோர் எண்ணிவிடுவர். அவ்வோடைகளின் பெயரையும், அங்கே பிடித்த மீன்களின் பெயரையும், அவற்றைப் பிடித்த வகையையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். யாரேனும் ஓர் இளைஞர் அவர்களிடம் கேட்டு எழுதுவாராக. அந்நூல் சிறியதாக இருக்கட்டும், சட்டைப்பையில் அடங்கட்டும், ஒரு தேநீரின் விலைக்குக் கிடைக்கட்டும்.

அச்சிறுவனை நாம் மறுநாள் கண்டோம். அன்று கூறத் தவறியதை அன்றாவது கூறவேண்டுமென எண்ணி, "தம்பி, நேற்றைய மீன்கள் என்ன ஆயின?" என்று கேட்டோம். "அம்மா பொரிச்சாங்க சார். ஆளுக்கு ஒண்ணு. நல்லா இருந்துச்சு" என்றான். வீட்டில் அறுவர், மீனும் ஆறு. ஏட்டில் ஏறாத அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.